வாசகர் கேள்வி பதில்: பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருந்தன. ஒன்று, பிடித்த நாவலைப் பற்றி மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது. இன்னொன்று, அதை எழுதியவரை நேரில் சந்திக்கும்போது என்ன செய்வது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வாசிப்பு வட்டத்தில் எனக்குப் பிடித்த நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். வாயைத் திறந்தால் 'அற்புதம்', 'பாத்திரப் படைப்பு பிரமாதம்' என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. படித்தபோது இருந்த உணர்ச்சி எல்லாம் எங்கே போகிறது?

உணர்ச்சி எங்கும் போகவில்லை. அதை உண்டாக்கிய இடம்தான் மறந்துபோயிருக்கிறது. நாவலை மூடிவைத்துச் சில வாரம் கழித்து மனதில் தங்குவது கதைப்போக்கும் பொதுவான ஒரு மனநிலையும்தான், வாக்கியங்கள் கரைந்துவிடும். அதனால் பேசுவதற்கு முன் புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். முழுவதையும் படிக்க வேண்டாம். முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், நடுவில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு காட்சி, இவை போதும். அந்தக் காட்சியிலும் இரண்டு பக்கத்துக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் பேச்சு முழுவதும் அந்த இரண்டு பக்கத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். தல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா', முதல் பாகம், முப்பதாவது அத்தியாயம். மாஸ்கோவில் விரோன்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியைச் சந்தித்து, மனம் அவன்பால் சாய்ந்த நிலையில் அன்னா ரயிலில் பீட்டர்ஸ்பர்க் திரும்புகிறாள். இறங்கியதும் அவள் கண்ணில் படும் முதல் முகம் கணவனுடையது. உடனே அவளுக்குத் தோன்றுவது, இவருடைய காதுகள் ஏன் இப்படி ஆகிவிட்டன என்பதுதான். தொப்பியின் விளிம்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தக் காதுகளையே பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவரும் அதே காதுகள். மாறியிருப்பது அவளுடைய பார்வை. அவள் மனதில் ஏற்பட்ட உறுத்தலைத் தல்ஸ்தோய் அடுத்த வரிகளில் விளக்கவும் செய்கிறார். ஆனால் வாசகருக்கு விஷயம் காதிலேயே புரிந்துவிடுகிறது.

'தல்ஸ்தோயின் பாத்திரப் படைப்பு பிரமாதம்' என்று ஐந்து தடவை சொல்வதை விட, இந்தக் காதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் அந்த நாவலைப் படிக்காதவரும் எடுத்துப் பார்ப்பார். உங்கள் குறிப்பைச் சரிபார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. நீங்கள் எழுதிவைத்த வாக்கியத்தை வேறொரு நாவலைப் பற்றியும் ஒரு சொல் மாற்றாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அதை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் கருத்து.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். அச்சிட்ட ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாக உரக்கப் படிக்க இரண்டு முதல் மூன்று நிமிடம் ஆகும். ஆகவே பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம், அதற்கு மேல் கூடாது. யார், எங்கே, என்ன நிலைமை என்று சொல்ல இரண்டு நிமிடம். வாசிப்புக்கு மூன்று. அந்தப் பக்கம் உங்களை ஏன் நிறுத்தியது என்பதற்கு நான்கு. கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் கதைச் சுருக்கத்தால்தான். 'சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்' என்று தொடங்கி ஆறு நிமிடத்தைத் தின்றுவிடும். அடுத்த எதிரி, ஆசிரியரின் பிறந்த ஊரும் வாங்கிய விருதுகளும். அவை பின்னட்டையிலேயே இருக்கின்றன. வாசிக்கப் போகும் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி, தொடங்கும் வரியையும் முடியும் வரியையும் பென்சிலால் குறித்துவையுங்கள். மேடையில் நின்று பக்கம் தேடும் அரை நிமிடத்தில் கேட்பவர்களின் கவனம் கலைந்துவிடும்.

கேள்வி: இன்னும் படிக்காதவர்கள் முன்னால் கதையை எதுவரை சொல்லலாம்?

பின்னட்டைக் குறிப்பு எதுவரை சொல்கிறதோ அதுவரை தயங்காமல் சொல்லலாம். பின்னட்டையில் ஒன்றும் இல்லையென்றால் நாவலின் முதல் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பக்க நாவல் என்றால் முதல் 100 பக்கம். முடிச்சு விழும் இடம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அவிழும் இடம் வராது. காட்சி அதற்குப் பிந்தியதாக இருந்தால், யார் பேசுகிறார் என்பதை மட்டும் சொல்லி, அது எப்படி நேர்ந்தது என்பதை மறைத்துவிடுங்கள்.

எல்லா நாவலும் முடிவை ஒளித்துவைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கார்சியா மார்க்கேஸ் 1981இல் வெளியிட்ட குறுநாவல் ஒன்றில், கொல்லப்படப் போகிறவனின் பெயரும் அன்றைக்கே அவன் சாகப்போகிறான் என்பதும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகின்றன. ஊருக்கே தெரிந்தும் யாரும் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் அங்கே கதை. ஆசிரியரே முதல் வரியில் சொன்னதை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: நானும் தோழியும் ஒரே நாவலைப் படித்தோம். பேசிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு பேரும் படித்த முடிவு வேறு வேறு என்று தெரிந்தது. இரண்டில் ஒன்று போலியா?

போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, ஆசிரியரே மாற்றியிருப்பார். சார்லஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தன் வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தொடராக எழுதினார். முதலில் அவர் எழுதிய முடிவில், நாயகன் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவொன்றில் சற்று நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் படித்துவிட்டு மாற்றச் சொன்னார். டிக்கன்ஸ் மாற்றினார். இன்று கிடைக்கும் நல்ல பதிப்புகளில் அச்சான முடிவு நாவலிலும், கைவிட்ட முடிவு பின்னிணைப்பிலும் இருக்கும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இன்னும் ஆழமாக மாறியது. 1818 பதிப்பில் எலிசபெத் கதாநாயகனுக்கு அத்தை மகள். 1831 பதிப்பில் அவள் எடுத்து வளர்க்கப்பட்ட அநாதை. இரண்டும் இப்போதும் விற்பனையில் உள்ளன. எதைப் படித்தோம் என்று தெரியாமலே இருவர் மணிக்கணக்கில் வாதாடலாம்.

இரண்டாவது, பதிப்பகம் வெட்டியிருக்கும். ஆன்டனி பர்ஜெஸ் 1962இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலுக்கு மொத்தம் 21 அத்தியாயங்கள். அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டார்கள். இருபதில் முடித்தால் வன்முறையில் திளைக்கும் அதன் இளம் நாயகன் திருந்தவே மாட்டான் என்று தோன்றும். இருபத்தொன்றில் அவனுக்கே தன் வன்முறை சலித்துப்போகிறது. அமெரிக்காவில் அந்த அத்தியாயம் 1980களின் பிற்பகுதியில்தான் திரும்பச் சேர்ந்தது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாவல், அந்தப் பக்கம் வேறொரு நாவல்.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலை 1870களில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் கணிசமான பகுதிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார். அந்த ஆங்கிலத்தை வைத்து வேறு மொழிக்குப் போனால் வெட்டும் கூடவே போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பிரதிகளிலும் பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதிப்பு ஆண்டு, மூல நூலின் பெயரும் ஆண்டும், மொழிபெயர்ப்பாளர் பெயர், எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தது, 'சுருக்கம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அத்தியாயங்களை எண்ணுங்கள். பக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள். எழுத்தின் அளவும் தாளின் அளவும் மாறினால் அது மாறிவிடும். அத்தியாய எண்ணிக்கை ஒத்துப்போயும் முடிவு வேறாக இருந்தால், கடைசி அத்தியாயத்தின் பத்திகளை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளரின் கலந்துரையாடல் இருக்கிறது. கேள்வி நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்கலாம். என்ன கேட்பது? போன முறை இன்னொருவர் நிகழ்ச்சியில் நான் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஒரே வரியில் பதில் வந்தால், அந்தக் கேள்வி அவருக்கு ஏற்கெனவே நூறு தடவை வந்திருக்கும். 'கரு எங்கிருந்து கிடைத்தது?', 'இது உங்கள் சொந்தக் கதையா?', 'உங்கள் நாவல்களில் உங்களுக்கு எது பிடிக்கும்?', 'இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?' இவற்றுக்கெல்லாம் எழுத்தாளர்களிடம் தேய்ந்துபோன பதில் தயாராக இருக்கும். குறை அவர்களிடம் இல்லை. இவற்றைக் கேட்க நாவலைப் படித்திருக்கவே வேண்டாம் என்பதுதான் சிக்கல்.

நல்ல கேள்வியில் மூன்று அம்சங்கள் இருக்கும்: நாவலில் ஓர் இடம், அங்கே நீங்கள் கவனித்த ஒன்று, அதை அவர் எப்படிச் செய்தார் என்ற ஐயம். ஒரு கேள்வியைச் செதுக்கிப் பார்ப்போம். முதலில் மனதில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'உங்கள் நாவலில் வரும் அம்மா பாத்திரம் அருமை. குடும்பத்தில் பெண்களின் நிலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' இதற்கு அவர் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'முதல் மூன்று அத்தியாயங்களில் அம்மா அடுத்த அறையிலிருந்து வரும் குரலாக மட்டும் இருக்கிறார். நான்காவதில்தான் முகம் வருகிறது. முதல் வரைவிலேயே அப்படித்தான் இருந்ததா, பிறகு மாற்றினீர்களா?' இதற்கு ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. மாற்றியிருந்தால் ஏன் என்று சொல்வார். மாற்றவில்லையென்றால் அந்தக் குரல் எப்படி வந்தது என்று சொல்வார். அரங்கில் நாவல் படிக்காதவர்களுக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கும்.

வரைவுகள், நீக்கிய பகுதிகள், யார் கதை சொல்கிறார் என்ற முடிவு, ஒரு காட்சியை நேரில் காட்டாமல் பிறர் வாயால் சொல்லவைத்தது, பெயர்த் தேர்வு. இவை ஐந்தும் எழுத்தாளர்கள் மனம் திறந்து பேசும் இடங்கள். தொழில்காரரிடம் தொழிலைக் கேட்டால் அவருக்கு உற்சாகம் வரும்.

கேள்வியைத் தாளில் எழுதி, கடிகாரத்தை வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். முப்பது விநாடிக்குள் முடிய வேண்டும். ஒரு கேள்விக்குள் 'அதேபோல' என்று இரண்டாவதைச் சேர்த்தால், அவர் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்வார். உங்கள் பாராட்டை ஆறு சொல்லுக்குள் முடியுங்கள், அல்லது கையெழுத்து வாங்கும்போது சொல்லுங்கள். முடிவைப் பற்றிய கேள்வியானால் அரங்கில் கேட்க வேண்டாம். வெளியிட்டு ஒரு மாதமே ஆன நாவல் என்றால் அங்கிருப்பவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். மைக்கை வாய்க்கு நேராக ஒட்டிப் பிடித்தால் 'ப' போன்ற ஒலிகள் வெடித்துக் கேட்கும். ஒரு விரற்கடை முதல் நான்கு விரற்கடை தள்ளி, தாடைக்குச் சற்றுக் கீழே பிடித்துப் பேசுங்கள். பதில் வரும்போது நின்றுகொண்டே இருக்காதீர்கள். உட்கார்ந்தால் அவர் அரங்கைப் பார்த்துப் பேசுவார், பதிலும் நீளும்.

இன்னொன்று. கேள்வி நேரம் தொடங்கியதும் முதல் அரை நிமிடம் பெரும்பாலும் யாரும் கை தூக்க மாட்டார்கள். தயாராக இருப்பவருக்கு அதுதான் வாய்ப்பு. கடைசிப் பத்து நிமிடத்தில் பத்துக் கைகள் இருக்கும்.

கேள்வி: கையெழுத்து எந்தப் பக்கத்தில் வாங்க வேண்டும்? என்னிடம் உள்ள ஒரு நாவலில் மை அடுத்த பக்கத்தில் படிந்து அசிங்கமாகிவிட்டது.

புத்தகத்தைத் திறந்தால் முதலில் பெயர் மட்டும் தனியாக இருக்கும் ஒரு தாள் வரும். அதற்கு அடுத்து நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம் மூன்றும் சேர்ந்த பக்கம் வரும். கையெழுத்துக்கு உரிய இடம் இரண்டாவதுதான். அச்சிட்ட பெயரும் கையால் எழுதிய பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும். தவிர, அட்டையோடு ஒட்டிய வெற்றுத் தாள் கிழிந்துபோவது போல இது எளிதில் பிரியாது. மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளரிடமும் அதே பக்கத்தில் வாங்குங்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு வாக்கியமும் அவர் எழுதியது. அவரிடம் கையெழுத்துக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

மை படிந்ததற்குக் காரணம் பேனாவும் அவசரமும். ஜெல் பேனாவின் மை நீர் கலந்தது. சாதாரணத் தாள் அதைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். வழவழப்பான தாளில் மேலேயே நிற்கும். உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டத்தான் செய்யும். மார்க்கர் பேனா தாளை ஊடுருவி மறுபக்கம் தெரியும். மை பேனா, கொஞ்சம் மட்டமான தாளில் எழுத்தின் ஓரமெல்லாம் நரம்பு நரம்பாகப் பரவும். பால் பாயிண்ட் பரவாது, ஆனால் அழுத்தி எழுதினால் அடுத்த நாலு பக்கத்தில் பள்ளம் விழும். இவற்றில் எதுவும் இல்லாமல் இருக்க, ஓவியர்கள் கோடு போடப் பயன்படுத்தும் 0.5 மில்லிமீட்டர் கறுப்புப் பிக்மென்ட் மைப் பேனா ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். நிறமித் துகள் கொண்ட மை வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது, ஈரம் பட்டாலும் கரையாது. எழுதும் பக்கத்துக்கு அடியில் ஒரு கெட்டி அட்டையை வைத்துக் கொடுங்கள். எழுதி முடித்ததும் ஒரு நிமிடம் திறந்தபடி வைத்துவிட்டு, நடுவில் ஒரு வெற்றுத் தாளைச் செருகி மூடுங்கள். டிஷ்யூவால் ஒற்றாதீர்கள், இழுபட்டுவிடும்.

வரிசையில் நிற்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயரைத் தெளிவாக எழுதிய சிறு துண்டுத் தாளை அதில் செருகிவையுங்கள். 'ஸ்ரீ'யா, 'சிறீ'யா, 'ஷ'வா, 'ச'வா என்று அவர் யோசிக்க வேண்டாம். பெயரில் தப்பு விழுந்தால் அடித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. 150 பேர் நிற்கும் வரிசையில் ஒருவருக்கு 40 விநாடி என்றாலே ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். ஆகவே மூன்று புத்தகத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். நிறைய வைத்திருந்தால் கடைசி ஆளாக நில்லுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் கேளுங்கள். செல்போனின் கேமராவைத் திறந்து பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பத்து வருடமாகக் கொண்டாடிய எழுத்தாளரை நேரில் பார்த்தேன். முகம் கொடுத்தே பேசவில்லை. அதற்குமேல், எனக்கு உயிரான ஒரு காட்சிக்கு அவர் மேடையில் தந்த விளக்கம் எனக்குத் துளியும் ஒப்பவில்லை. அந்த நாவலை மறுபடி தொடவே மனம் வரவில்லை.

முதல் பாதிக்கு ஆறுதல் சொல்கிறோம். நாவலில் நம்மோடு முந்நூறு பக்கம் பேசுவது கதைசொல்லி. அந்தக் குரலைப் பல மாதம், பல வருடம் திருத்தித் திருத்தி உருவாக்குகிறார்கள். நீங்கள் சந்தித்தவர் திருத்தப்படாத ஒரு மனிதர், அதுவும் மேடையும் கூட்டமும் முடிந்து களைத்துப்போன நேரத்தில். இருவரும் ஒருவர் என்று எதிர்பார்ப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

இரண்டாவது பாதி நீங்கள் நினைப்பதை விடச் சுவையானது. எழுதியவர் என்ன நினைத்தார் என்பது நூலை அளக்கும் கோலாக முடியாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரு விமர்சகர்கள் 1946இலேயே கட்டுரை எழுதினார்கள். 'ஆசிரியனின் மரணம்' என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் எழுதியது 1967இல். அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்தாளர் சொல்வதற்கு எடை உண்டு, ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை இல்லை. எந்தப் பதிப்பு சரியானது, எந்த வரியைச் சேர்த்தார், அட்டையில் என்ன கூடாது என்பதிலெல்லாம் அவர் சொல்தான் முடிவு. 1915இல், ஒருவன் பூச்சியாக மாறிவிடும் 'உருமாற்றம்' கதை அச்சாகும்போது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் இருப்பதாகக்கூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அது அவர் உரிமை, நாவலுக்கும் நல்லது. ஆனால் காட்சி என்ன பொருள் தருகிறது என்பதில் அவரும் ஒரு வாசகர்தான். நன்றாகப் படித்த வாசகர், அவ்வளவே.

ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் காட்சியைத் திறந்து, அவருடைய விளக்கத்தை மனதில் வைத்து ஒரு தடவையும், உங்கள் விளக்கத்தை வைத்து ஒரு தடவையும் படியுங்கள். எந்த விளக்கத்துக்கு எந்த வரி இடிக்கிறது என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடிக்கும் வரி ஒன்று அகப்பட்டால், அந்தக் காட்சியில் நீங்கள் இருவரும் பார்க்காத ஒன்று இருக்கிறது.

கேள்வி: ரஷ்ய நாவல்களில் பெயர்களே என்னைத் துரத்திவிடுகின்றன. ஐம்பது பக்கத்தில் யார் யார் என்று குழம்பிவிடுகிறது.

ஒருவருக்கு மூன்று பெயர் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர். 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன் ரோதியோன் ரோமானவிச் ரஸ்கோல்னிகோவ். ரோமான் என்பவரின் மகன் என்பதால் ரோமானவிச். அவன் தங்கை அவ்தோத்யா ரோமானவ்னா, மகளானால் 'வ்னா'. மரியாதையாகப் பேசுபவர்கள் முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். அம்மா அவனை ரோத்யா என்பாள், தங்கையைத் துன்யா என்பாள். அதாவது, யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதே உறவின் நெருக்கத்தைச் சொல்லிவிடுகிறது. நம் பேச்சில் 'நீ', 'நீங்கள்' செய்யும் வேலை அது. பக்கக்குறி அட்டை ஒன்றை எடுத்து, ஒரு வரிக்கு ஒரு ஆள் என்று முழுப் பெயர், செல்லப் பெயர், உறவு, முதலில் வரும் பக்கம் ஆகியவற்றை எழுதிவாருங்கள். பன்னிரண்டு வரிக்குள் முக்கியமானவர்கள் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் சண்டை வருகிறது.

'பிடிக்கவில்லை' என்பதும் 'நாவல் சரியில்லை' என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். முதலாவதற்குச் சான்று வேண்டாம், அதில் யாரும் உங்களோடு சண்டைக்கு வரவும் முடியாது. இரண்டாவதைச் சொன்னால் இடத்தைக் காட்ட வேண்டும். 'இழுவை' என்று சொல்வதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் எது குறையாது என்று சொல்லுங்கள். அப்போது எதிரில் இருப்பவர் 'இல்லை, அங்கேதான் அந்தக் கிழவனின் பொய் முதலில் வருகிறது' என்று இடத்தைக் காட்டிப் பதில் சொல்வார். அது சண்டை இல்லை, வாசிப்பு.

பாதியில் நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் நடையைக் குறை சொல்லும் முன் வேறொரு மொழிபெயர்ப்பில் அதே பத்தியைத் தேடிப் படியுங்கள். மூல ஆசிரியர் செய்யாத குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவிப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எழுத்தாளருக்குக் கடிதம் எழுத ஆசை. நாவலில் சில பிழைகளையும் கண்டுபிடித்திருக்கிறேன். சொல்லலாமா?

சொல்லலாம், நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பாராட்டுக் கடிதத்தையும் பிழைப் பட்டியலையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம், 200 சொல் போதும். எந்த நாவல், எந்த இடம், அது உங்களுக்குள் என்ன செய்தது. பிழைத் தாளின் தலைப்பில் பதிப்பு எண், ஆண்டு. கீழே பக்கம், மேலிருந்து எத்தனையாவது வரி, அச்சில் உள்ளது, இருக்க வேண்டியது. இந்த நான்கும் இருந்தால்தான் அடுத்த பதிப்பில் திருத்த முடியும். அனுப்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: பிழை ஆசிரியருடையதா, பாத்திரத்தினுடையதா? பொய் சொல்லும் கதைசொல்லியும், ஆண்டை மறந்துபோன பாட்டியும் நாவலில் தப்பாகப் பேசத்தான் செய்வார்கள்.

முகவரி தெரியாவிட்டால் பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள பதிப்பக முகவரிக்கு அனுப்புங்கள். உறை மேல் ஆசிரியர் பெயரையும் நாவல் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் எழுதிய கதையைக் கடிதத்தோடு இணைக்காதீர்கள். பின்னால் தன் கதையை எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக்கூடும் என்பதால், கேட்காமல் வரும் கையெழுத்துப் பிரதிகளைப் பல எழுத்தாளர்கள் பிரிப்பதே இல்லை. அதோடு உங்கள் கடிதமும் படிக்கப்படாமல் போகும்.

கேள்வி: கையெழுத்து வாங்கிய பிரதியில் அடிக்கோடு போடலாமா?

பென்சிலால் தாராளமாகப் போடலாம். 2பி போன்ற மிருதுவான பென்சில், அழுத்தாமல், ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும். கடினமான பென்சில் தாளைக் கீறும். அழித்தாலும் பள்ளம் நிற்கும். ஹைலைட்டர் வேண்டாம், நிறம் வெளுத்துக் கறையாக மிஞ்சும். கடைசி வெற்றுப் பக்கத்தில் பக்க எண்ணும் இரண்டு சொல்லுமாக எழுதிவாருங்கள். '214, கதவின் சத்தம்' என்பது போல. அடுத்த முறை அதே எழுத்தாளர் வரும்போது அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கை தூக்குங்கள்.